கணினி விளையாட்டுகள்: தளத்தின் தேவைகளும் தானியங்கி அப்டேட்டும்

கடந்த சித்திரை விடுமுறையில் கொக்குவிலில் வசிக்கும் என் மருமகன் தன் மடிக்கணினிக்கு ஒரு கார்ப்பந்தய விளையாட்டை வாங்கினான். மறுநாள் காலையில் வீட்டு இணையப் பொதியின் பகல்நேரத் தரவு முழுவதும் தீர்ந்திருந்தது. அவனோ விளையாட்டை ஒருமுறைகூடத் திறந்திருக்கவில்லை. வாங்குமுன் வாசிக்க வேண்டியதை வாசிக்காமலும், வாங்கியபின் மாற்ற வேண்டியதை மாற்றாமலும் விட்டதே அதற்குக் காரணம். கணினி விளையாட்டுகளை இணையத்தில் வாங்கி, தரவிறக்கி, ஆடுவதற்குப் பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஸ்டீம் தளத்தைக் கொண்டு அவ்விரண்டையும் இங்கே விளக்குகிறேன்.

முதலில், விளையாட்டின் விற்பனைப் பக்கத்தை இறுதிவரை வாசியுங்கள். பலர் கிராபிக்ஸ் கார்டையும் ரம் (RAM) நினைவகத்தின் அளவையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் விளையாட்டு ஓடுவதற்கு, அதைத் தாங்கும் தளமும் உங்கள் கணினியில் ஓட வேண்டும். ஒரு பழைய விளையாட்டுக்கு விண்டோஸ் 7 போதும் என்று எழுதியிருக்கலாம். எனினும் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்திவிட்டது. இறுவட்டில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பதும் சரியன்று: 2004இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டைப் பெட்டியோடு வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கொன்றைத் திறக்க வேண்டியிருந்தது. சில விளையாட்டுகளுக்கு யுபிசாஃப்ட், ஈஏ போன்ற விளையாட்டு நிறுவனங்களின் கணக்கும் கூடுதலாகத் தேவைப்படும். அந்தக் குறிப்பு விற்பனைப் பக்கத்தின் ஓரத்தில், கண்ணில் எளிதிற் படாத இடத்தில் இருக்கும். தளமே வேண்டாம் என்பவர்கள் ஜிஓஜி (GOG) என்ற இணையக் கடையைப் பார்க்கலாம். அங்கே நிறுவற்கோப்பைத் தனியாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரு சிறு கணக்கு. இணைய வேகம் மெகாபிட்டிலும் கோப்பின் அளவு மெகாபைட்டிலும் சொல்லப்படுகின்றன. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே 10 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 10 மெகாபிட்) இணைப்பில் 50 ஜிபி விளையாட்டு ஒன்று இறங்க, வேகம் சற்றும் குறையாவிட்டாலும் ஏறத்தாழ 11 மணி நேரம் செல்லும். இரவுநேரத் தரவு உள்ள பொதியாயின், ஓர் இரவில் முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்து, காலையில் நிறுத்திவிட்டு அடுத்த இரவு தொடருங்கள். பாதியில் நிறுத்தினாலும் இறங்கியது வீணாகாது.

இனி முக்கியமான வேலை. ஸ்டீமைத் திறந்து செட்டிங்ஸ் பகுதியில் டவுன்லோட்ஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். தானியங்கி அப்டேட்டுக்கு நேர வரம்பு விதிக்கும் தெரிவு அங்கே உண்டு; உங்கள் பொதியின் இரவுநேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறதோ, அதையே கொடுங்கள். அந்நேரத்தில் கணினி விழித்திருக்க வேண்டும், ஸ்டீமும் திறந்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். வீட்டில் யாராவது வெளிநாட்டு உறவினரோடு வீடியோவில் பேசுவதுண்டாயின், அதே பக்கத்தில் தரவிறக்க வேகத்துக்கும் ஓர் எல்லை வையுங்கள். பிறகு ஸ்டீமின் லைப்ரரி (நூலகம்) பகுதியில் ஒவ்வொரு விளையாட்டின் பெயரிலும் வலச்சொடுக்கி, புரொப்பட்டீஸ் வழியாக அப்டேட்ஸ் பகுதிக்குச் சென்று, விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்யும்படி மாற்றுங்கள். அப்டேட்டை அடியோடு நிறுத்தும் தெரிவை ஸ்டீம் தருவதில்லை. எனக்கு இது உவப்பானதன்று, ஆனாலும் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டியிருப்பதால் காரணம் புரிகிறது.

இணையமின்றி ஆட ஓஃப்லைன் நிலை உண்டு. அதற்குச் செல்லுமுன் விளையாட்டை இணையத்தோடு ஒருமுறை திறந்து பார்த்து, நிலுவையில் அப்டேட் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். நிலுவை இருந்தால் விளையாட்டுத் திறக்காமற் போகலாம்.

இறுதியாக, தரவை மிச்சப்படுத்தும் வழியொன்று. 2023 முதல், ஒரே றவுட்டரில் இணைந்த இரண்டு கணினிகளுக்கிடையே விளையாட்டுக் கோப்புகளை நேரடியாக மாற்றும் வசதி ஸ்டீமில் இருக்கிறது. கோப்பைப் பெறுபவரின் கணக்கிலும் அந்த விளையாட்டு இருக்க வேண்டும். கொடுப்பவர் தன் செட்டிங்ஸில் நண்பர்களுக்கு அனுமதி வழங்கியிருக்க வேண்டும். மருமகனின் அடுத்த விளையாட்டு, அவனுடைய நண்பன் கோண்டாவிலிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியிலிருந்து இப்படித்தான் ஏறியது.