பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது இன்ஜின்: மாற்றலாமா, வேண்டாமா?

என்னிடம் இருப்பது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், பின்சக்கர இழுவை, போனட்டிலிருந்து எழும்பி வரும் விளக்குகள். இன்ஜினை மாற்றிவிடலாம் என்ற யோசனை இந்தக் காரில் எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வேண்டாம் என்று விட்டேன், இரண்டாம் முறை மாற்றினேன். இரண்டுமே சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். ஒரே காருக்கு இரண்டு பதில் எப்படி வந்தது என்பதை விவரமாகச் சொன்னால், உங்கள் காருக்கான பதிலை நீங்களே தேடிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, இப்போது உள்ள இன்ஜினில் என்ன குறை என்று ஒரே வரியில் எழுதுங்கள். "பவர் பத்தவில்லை" என்பது போதாது. எங்கே பத்தவில்லை? மேட்டில் மூன்றாம் கியரிலா, நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதா, பந்தயத் தடத்தில் வளைவு முடிந்து நேரே போகும்போதா? நான் முதல் முறை எழுதிய வரி: "மேடு ஏறும்போது நிமிடத்துக்கு 4,500 சுழற்சிக்கு மேல் மூச்சு முட்டுகிறது." எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்த 1.6 இன்ஜின் 7,000 வரை ஆசையாக ஏறக்கூடியது. 4,500-ல் திணறினால் அதற்குக் காரணம் இன்ஜின் சின்னது என்பதில்லை, எங்கோ கோளாறு இருக்கிறது. அப்படியானால் புது இன்ஜின் தேடுவதற்கு முன்னால் பழையதை நாடி பிடித்துப் பார்த்தாக வேண்டும்.

கம்ப்ரஷன் டெஸ்டிலிருந்து, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று அளப்பதிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். எனக்கு வந்தது 172, 168, 170, 165 பிஎஸ்ஐ. எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதை விட, சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு). இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கலாம். ஆயில் மூடி வழியே சீறினால் ரிங், புகைபோக்கி வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட்.

என் இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. அப்புறம் எங்கேதான் போயிற்று அந்த பவர்? ஒரு நண்பரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் நின்றிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொன்னேன். காற்று வரும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குள் பார்த்தேன். வட்டத் தகடு நேராக நிற்க வேண்டும். அது சாய்ந்தே நின்றது, கால்பங்கு வழியை மறைத்துக்கொண்டு. மேலே கேபிள் தொய்ந்திருந்தது. கீழே இரண்டு கால்மிதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து பெடலைத் தடுத்தன. கேபிளை இறுக்கி, ஒரு கால்மிதியை எடுத்துப் போட்டேன். அன்று மாலை அதே மேட்டில் கார் 6,500-ஐத் தொட்டது. புது இன்ஜின் என்ற பேச்சு அதோடு நின்று, மூன்று ஆண்டுகள் எழவே இல்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது, தயவுசெய்து செய்து பாருங்கள்.

இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தும் கார் மந்தமாகத் தோன்றினால், டயர், புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இந்த வகைக் காரின் எடை ஆயிரம் கிலோவுக்கு அக்கம்பக்கம்தான். நல்ல டயர் போட்டாலே வேறு காரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது இரண்டாம் முறை. ஒருநாள் ஐடிலில் கார் நடுங்க ஆரம்பித்தது. இக்னிஷன் டைமிங்கை எத்தனை தடவை சரிசெய்தாலும் ஒரு வாரத்தில் நகர்ந்துவிடும். முன்பக்கம் பிரித்து, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் உள்ள புல்லியைப் பிடித்து ஆட்டினேன். அரை நூல் ஆடியது. எந்தக் காலத்திலோ டைமிங் பெல்ட் மாற்றியவர்கள் நடு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சாவிக்கட்டை அங்கும் இங்கும் இடித்து இடித்து, கிராங்கில் அது உட்காரும் பள்ளத்தையே அகலமாக்கிவிட்டது. விரல்நகத்தை வைத்துத் தடவினால் பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருப்பது தெரிந்தது. கிராங்கையே மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜின் வெளியே வந்தாக வேண்டும். இன்ஜின் மாற்றம் பற்றி யோசிக்க நியாயமான நேரம் இதுதான், எப்படியும் கழற்றத்தான் போகிறோம்.

அப்போது மூன்று வழிகள் இருந்தன. பழையதையே புது கிராங்க் போட்டுக் கட்டுவது, அதே 1.6-ல் நல்லதாக ஒன்றைத் தேடுவது, அல்லது 2001-ல் வந்த எம்எக்ஸ்-5-ன் 1.8 விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் வகை) இன்ஜினை வைப்பது. முதல் இரண்டும் கௌரவமான வழிகள், பெரும்பாலோருக்கு அவையே போதும். நான் மூன்றாவதுக்குப் போனதற்குக் காரணம் குதிரைத்திறன் அல்ல. 115-லிருந்து 140 சொச்சத்துக்கு ஏறும் என்பது சந்தோஷம்தான், ஆனால் முடிவைத் தந்தது கியர் பாக்ஸ். இரண்டு இன்ஜினும் ஒரே வம்சம். பழைய கியர் பாக்ஸ் புது இன்ஜினின் அதே போல்ட் துளைகளில் வந்து உட்காரும். 1.8-ன் ஃப்ளைவீலும் 215 மில்லிமீட்டர் கிளட்சும் அந்தக் கூட்டுக்குள்ளேயே அடங்கும். இந்தக் காரில் கியர் பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் பிணைத்திருக்கிறது. கியர் பாக்ஸ் மாறினால் அந்தப் பிணைப்பும் போய், பின்பக்கம் முழுவதையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும். எந்தக் காராக இருந்தாலும் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: பழைய கியர் பாக்ஸ் தங்குமா, தங்காதா? தங்காவிட்டால் வேலை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் நீளம், அதன் கோணம், கியர் கம்பி வெளியே வரும் இடம், ஸ்பீடோமீட்டர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஒரே வம்சம் என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நண்பர் ஒருவர் டொயோட்டா ஏஇ86 வைத்திருக்கிறார். 1983-லிருந்து 1987 வரை வந்த கார், 4ஏ-ஜிஇ இன்ஜின், 16 வால்வு. அதே 4ஏ-ஜிஇ பிற்பாடு 20 வால்வாக வந்தது, 160 குதிரைத்திறன். அதை வாங்கி இறக்கினார். ஆனால் 20 வால்வு இன்ஜின் முன்சக்கர இழுவைக் கார்களுக்காக, குறுக்காகப் படுக்கவைப்பதற்குச் செய்தது. டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில் துருத்திக்கொண்டு நிற்கும். நெடுக்காக வைத்தால் அது நேராக ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள தகடு) போய் இடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, கிராங்கிலிருந்து டைமிங் வாங்கும் வேறு கணினி வைத்து ஒருவழியாக முடித்தார். அதற்குள் ஏழு மாதம் கார் ஸ்டாண்டில் நின்றது. ஆகவே வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள். ஆயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்குமா, எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் வருமா? இடப்பக்க ஸ்டீயரிங்குக்காகச் செய்த மேனிஃபோல்டு வலப்பக்க ஸ்டீயரிங் காரில் சேராமல் போகலாம். போனட் உயரம் சந்தேகமாக இருந்தால், இன்ஜினைத் தாற்காலிகமாக உட்காரவைத்து, மேலே களிமண் உருண்டைகளை வைத்து, போனட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். நசுங்காமல் மிஞ்சிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு உள்ள இடைவெளி. அதோடு, ஓடும்போது இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இரும்பு வேலையை விட வயரிங்தான் பெரிய மலை. என் பழைய 1.6-ல் டைமிங் சொல்வது ஹெட்டின் பின்னால், கேமோடு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுழலும் ஒரு சென்சார். புதியதில் கிராங்குக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என்று தனித்தனி. போதாததற்கு, கேமின் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் விவிடி வால்வு. அப்படி ஒன்று இருப்பதே பழைய கணினிக்குத் தெரியாது. புது காரின் கணினியை வைத்தால் அது சாவியில் உள்ள சிப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. தனியாக ஒரு புரோகிராம் செய்யக்கூடிய இ.சி.யு. (இன்ஜின் கணினி) வாங்கித்தான் நான் தீர்த்தேன். பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்த வயரிங்குக்கு ஆறு வாரம் ஆனது. ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும்போதே துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருந்ததால்தான் ஆறு வாரத்தில் முடிந்தது. உங்களுக்கு வயரிங் வரைபடம் படிக்க வராது, படிக்கத் தெரிந்தவரும் பக்கத்தில் இல்லை என்றால், புது தலைமுறை இன்ஜின் வேண்டாம் என்றே சொல்வேன். பழையதையே கட்டுங்கள்.

இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள், முடிந்தால் ஓடும் நிலையில் உள்ள முழுக் காராக வாங்குங்கள். கழற்றிவைத்த இன்ஜின் எப்படி ஓடியது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. முழுக் காரில் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், புகையைப் பார்க்கலாம், கம்ப்ரஷன் எடுக்கலாம். வயரிங், சென்சார், கணினி, சாவி, மவுன்ட், சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். அந்த பிராக்கெட்டுகளைத் தனியாகத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். புது இன்ஜின் உள்ளே போவதற்கு முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் நான்கையும் மாற்றிவிடுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது பின் சீல் அரைமணி வேலை. உள்ளே போன பிறகு மறுபடி கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

இன்ஜினுக்குப் பின்னால் இருப்பவற்றையும் பாருங்கள். 1.6 எம்எக்ஸ்-5-ல் டிஃபரன்ஷியல் 6 அங்குல கிரவுன் வீல் உள்ள சின்னது, கூடுதல் இழுவையை நெடுநாள் தாங்காது என்று இந்தக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1.8-க்கு வந்தது 7 அங்குலம். அதைப் போட்டால் ஷாஃப்டுகளும் சேர்ந்து மாற வேண்டும். விகிதமும் 4.3-லிருந்து 4.1 ஆகிவிடும், அதாவது முதல் கியரின் சுறுசுறுப்பில் கொஞ்சம் போகும், நெடுஞ்சாலையில் சத்தம் குறையும். எடையும் முக்கியம். முன்னும் பின்னும் சமமாக எடை பிரிந்திருப்பதுதான் இந்தக் காரின் உயிர். நாற்பது ஐம்பது கிலோ கூடுதலான இன்ஜினை மூக்கில் ஏற்றினால், நேரே போகும்போது கிடைப்பதை வளைவில் இழப்பீர்கள். பெரிய வி8 வைக்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர்கள் பிரேக், ஸ்பிரிங், ரேடியேட்டர், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் சேர்த்து வேறு ஒரு காரைக் கட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஜின் எண் மாறுவதைச் சொல்லாமல் ஓட்டினால், விபத்து நேரத்தில் காப்பீடு கைவிடலாம். புகைச் சோதனையில் எந்த ஆண்டின் அளவுகோல் பொருந்தும், காட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எது இருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அனுமதி இல்லை என்று பதில் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அடுத்து, எழுதிவைக்க வேண்டிய இன்னொரு வரி: "இந்தக் கார் இத்தனை மாதம் நின்றால் எனக்குப் பரவாயில்லை." நான் மூன்று என்று எழுதினேன், ஐந்து ஆனது. தினமும் வேலைக்குப் போவது அந்தக் காரில்தான் என்றால் மாற்றத்தில் இறங்காதீர்கள். பாதியில் நிற்கும் கார்கள் உதிரியாக விற்கப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே இன்ஜின் எண்ணோடு இருப்பதாலேயே மதிப்புள்ள அபூர்வக் கார் என்றால் அதைத் தொடவே வேண்டாம், பழையதைப் பொறுமையாகக் கட்டுங்கள்.

மாற்றிய பிறகும் பழைய இன்ஜினை விற்றுவிடாதீர்கள். என் 1.6 இப்போது ஸ்டாண்டில் இருக்கிறது. பிளக் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, எல்லா வாய்களையும் மூடி, போல்ட்டுகளைப் பெயர் எழுதிய பைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிடுவேன். நல்ல கிராங்க் ஒன்று கையில் கிடைத்துவிட்டது. அதை உட்காரவைக்க மெயின் பேரிங்குகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.