பிராட்பேண்ட் கிடைக்கிறது என்னும் அரசுக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வீட்டில் பிராட்பேண்ட் கிடைக்கும் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வெளியிடும் எண்ணைப் படிக்கும்போது, எதை அலகாகக் கொண்டு எண்ணினார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். இணைய நிறுவனங்கள் நிரப்பித் தரும் 477-ஆம் படிவத்தை வைத்துப் பல ஆண்டுகள் நடப்பில் இருந்த முறையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு சிறு பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும், அந்தப் பகுதி முழுவதும் சேவை பெற்றதாகக் கணக்கில் ஏறியது. நகரத்தில் அத்தகைய பகுதி நான்கு தெருக்களுக்குள் அடங்கிவிடும். நாட்டுப்புறத்தில் அது பல சதுர மைல் பரந்து கிடப்பதால், சாலையோர வீட்டுக்கு வந்த கேபிள், மலைக்கு அப்பால் உள்ள பண்ணை வீட்டுக்கும் வந்துவிட்டதாகவே பதிவானது.

தரவைத் தருபவை இணைய நிறுவனங்களே என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். 2019-இல், ஒரு சிறு நிறுவனம் எட்டு மாநிலங்களில் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் சேவை தருவதாகத் தவறாகப் பதிந்திருந்ததை ஃப்ரீ பிரஸ் என்ற அமைப்பு கண்டறிந்து சொன்ன பிறகுதான், இணைப்பு இல்லாதோர் 1.94 கோடிப் பேர் என்ற எண்ணை ஆணையம் 2.13 கோடி என்று திருத்தியது.

வேக வரையறையும் முக்கியம். பிராட்பேண்ட் என்று எண்ண 2015 முதல் 25 எம்பிபிஎஸ் (நொடிக்கு 25 மெகாபிட்) பதிவிறக்கமும் 3 எம்பிபிஎஸ் பதிவேற்றமும் போதுமென்றிருந்த அளவு, 2024 மார்ச்சில் 100, 20 என்று உயர்ந்தது.

2022 நவம்பரில் எஃப்சிசி வெளியிட்ட புதிய தேசிய பிராட்பேண்ட் வரைபடம் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியே காட்டுகிறது. அதில் உங்கள் முகவரியைத் தேடி, செயற்கைக்கோள் சேவையை வடிகட்டி நீக்கிவிட்டுப் பாருங்கள்; அதைச் சேர்த்தால் ஏறத்தாழ எல்லா இடத்திலும் இணைப்பு இருப்பதாகவே தெரியும். அங்கே உள்ள வேகம் நிறுவனம் விளம்பரப்படுத்தும் உச்ச வேகமே அன்றி, உங்கள் வீட்டில் அளந்தது அல்ல.

பட்டியலில் உள்ள நிறுவனம் இணைப்புத் தர மறுத்தாலோ, பத்து வேலை நாட்களுக்குள் பொருத்தித்தர முன்வராவிட்டாலோ, வழக்கமான இணைப்புக் கட்டணத்துக்கு மேல் கேட்டாலோ, அதைக் காட்டும் மின்னஞ்சலையும் திரைப்பிடிப்பையும் இணைத்து வரைபடத்திலேயே ஆட்சேபம் பதியலாம். நிறுவனம் 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சோம்பியிருக்க வேண்டாம்: 4,245 கோடி டாலர் மதிப்புள்ள மத்திய பிராட்பேண்ட் நிதி, மாநிலங்களுக்கு இந்த வரைபடத்தை வைத்தே பங்கிடப்பட்டது. உங்கள் ஆட்சேபம் உங்கள் முகவரியை மட்டுமே திருத்தும் என்பதால், தெரு முழுவதும் இதே நிலை என்றால் அண்டை வீட்டாரையும் பதியச் சொல்லுங்கள், அல்லது உள்ளூர் நிர்வாகத்தை மொத்தமாகப் பதியும்படி கேளுங்கள்.