கொழும்பில் இந்தியத் தலைமசாஜ் பழகுவோருக்கு: முதலில் கேள்வி, பிறகு கை

சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கு, தீபாவளி அதிகாலையில் உச்சியில் வைக்கும் எண்ணெய், சித்திரை வருடப்பிறப்பன்று தலையில் தேய்க்கும் மருத்துநீர் என்று, தலையைத் தொட்டுப் பிடித்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் எப்போதும் இருந்து வருகிறது. இந்தத் தொழிலுக்கு வர விரும்புவோருக்கு அது நல்ல கைமுதல். ஆனால் பாட்டிக்குத் தன் பேரனின் தலை தெரியும். உங்கள் கதிரையில் வந்து அமர்பவரோ முன்பின் அறியாதவர். அவருடைய கழுத்தில் பழைய அடி இருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கலாம். வீட்டு வழக்கம் தொழிலாக மாறும்போது புதிதாகச் சேர வேண்டியது கேட்டறியும் பழக்கம்தான். அதனால் இந்தச் செய்முறையில் கைவேலைக்கு நிகராகக் கேள்விகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

எதைப் பழகப் போகிறீர்கள்?

இன்று பல நாடுகளில் இந்தியத் தலைமசாஜ் என்று கற்பிக்கப்படும் முறை இந்தியாவில் சம்பி என்று அழைக்கப்படும், தலையைத் தேய்த்துப் பிடித்துவிடும் வழக்கத்திலிருந்து பிறந்தது. மும்பையைச் சேர்ந்த, குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த நரேந்திர மேத்தா 1970களில் லண்டனுக்குப் போனார். ஊரில் எளிதாகக் கிடைத்த சம்பி அங்கே கிடைக்கவில்லை. இந்தியா திரும்பி அதை முறையாக அறிந்துகொண்டு, 1980களின் தொடக்கத்தில் லண்டனில் கற்பிக்கத் தொடங்கினார். தலையோடு கழுத்து, தோள், மேற்கை, முகம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு வரிசையாக்கினார். அந்த வரிசையில் வாடிக்கையாளர் உடையைக் களையாமல் கதிரையில் அமர்ந்திருப்பார். நேரம் பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம். பார்வையற்ற ஒருவர் வகுத்த முறை இது என்பதை நான் மாணவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தடவிப் பாருங்கள். இறுகிய தசையும் இளகிய தசையும் உடனே வேறு வேறாகத் தெரியும்.

முதற்படி: எங்கே படிப்பது?

இலங்கையில் தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். தேசிய தொழில் தகைமை, அதாவது என்விக்யூ, 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. ஏற்கெனவே அழகுநிலையத்தில் வேலை செய்பவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தங்கள் துறையில் சான்றிதழ் பெறும் வாய்ப்பையும் விசாரித்துக்கொள்ளலாம். வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் ஐடெக் போன்ற சர்வதேசத் தகைமைக்குத் தயார்செய்யும் பாடநெறியைத் தேடுங்கள்.

சான்றிதழின் அழகைவிட நான் பார்ப்பது மூன்று விடயங்கள். உடற்கூறு கற்பிக்கிறார்களா? ஆசிரியர் பக்கத்தில் நின்று உங்கள் கையைத் திருத்துகிறாரா? வெவ்வேறு வயது, உடல்வாகு கொண்டவர்களுக்குச் செய்து பதிவேடு எழுதும் வேலை உண்டா? காணொளியை மட்டும் பார்த்து அழுத்தத்தின் அளவைக் கற்றுக்கொள்ள முடியாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வார இறுதி வகுப்புகள் என்று விளம்பரம் கண்டால், ஒரு வகுப்பில் அமர்ந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பதும் முக்கியம். உடற்கூற்றை விளங்காமல் மனனம் செய்து சித்தியடைந்தவரிடம் ஒரு தலையை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

இரண்டாம் படி: உடலை அறிதல்

முழு மருத்துவ நூலையும் படிக்கத் தேவையில்லை. பிடரியிலிருந்து தோள் வரையும் முதுகின் நடு வரையும் விரியும் ட்ரபீசியஸ் தசை, நெற்றிப்பொட்டில் விசிறிபோல் பரந்திருக்கும் டெம்போராலிஸ், பல்லைக் கடிக்கும்போது தாடையில் புடைக்கும் மசெட்டர், மண்டையோட்டின் அடிவிளிம்பில் ஒட்டியுள்ள சிறு தசைகள் ஆகிய நான்கையும் தொட்டு அடையாளம் காணுங்கள். நாள் முழுவதும் கணினியின் முன் குனிந்திருக்கும் கோட்டை அலுவலக ஊழியர்களின் தலையிடி பல நேரம் இந்தத் தசைகளின் இறுக்கத்தோடு சேர்ந்தே வருகிறது.

கழுத்தைப் பற்றி மட்டும் சற்று நீட்டிச் சொல்கிறேன். கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்கு இருபுறமும் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடிகள் ஓடுகின்றன. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்புக் குறைந்து ஒருவர் மயங்கி விழக்கூடும். பின்பக்கத்தில் இன்னும் இரண்டு நாடிகள் கழுத்தெலும்புகளின் துளைகளூடே மூளைக்கு ஏறுகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சலூன்களில் முடிவெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து இருபக்கமும் நெட்டி முறித்துவிடும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வாடிக்கையாளரே வற்புறுத்திக் கேட்டாலும் செய்யாதீர்கள். தலைகழுவும் தொட்டியின் விளிம்பில் கழுத்தை நெடுநேரம் பின்னே சாய்த்து வைத்ததால் வந்த பக்கவாதங்களைப் பற்றி 1993இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் வைத்த பிறகு தலை கழுவிவிடுபவர்கள் இதை மனத்தில் வைத்து, கழுத்துக்கு அடியில் மடித்த துவாயைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: கையைப் பழக்குதல்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றப்பட வேண்டும். சமையலறைத் தராசின்மேல் முதலில் வலது பெருவிரலால் அழுத்துங்கள், பிறகு இடதால். முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை பழகுங்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கை மிஞ்சும். வலுவை விரலிலிருந்து எடுத்தால் சில மாதங்களிலேயே பெருவிரல் மூட்டு நோகத் தொடங்கும். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நின்று, முழங்கையை அதிகம் மடிக்காமல், உடலின் பாரத்தை மெல்லக் கைக்குள் இறக்குங்கள். இந்தத் தொழிலில் நீண்டகாலம் நிலைக்க நினைப்பவர் முதலில் காக்க வேண்டியது தன் கைகளைத்தான்.

நான்காம் படி: தொடுவதற்கு முன் கேட்பது

ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கேளுங்கள். தெரிந்த மாமி, பக்கத்து வீட்டு அண்ணா என்று யாருக்கும் விலக்கு வேண்டாம்.

இன்று காய்ச்சல் உண்டா? அண்மையில் தலையிலோ கழுத்திலோ அடிபட்டதா, சத்திரசிகிச்சை நடந்ததா? உயர் குருதி அமுக்கத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா, அது கட்டுப்பாட்டில் இருக்கிறதா? முன்பு பக்கவாதம், வலிப்பு, இரத்தக் கட்டி வந்திருக்கிறதா? எலும்புத் தேய்வு, கழுத்தெலும்புப் பிரச்சினை உண்டா? கர்ப்பமா? எந்த எண்ணெயாவது, பருப்பு வகையாவது ஒவ்வாதா? அண்மையில் தலைக்குச் சாயம் போட்டீர்களா?

காய்ச்சல், தொற்று, புதிய காயம், தலையில் படர்தாமரை, பேன் என்றால் அன்று செய்யாமல் இன்னொரு நாள் கொடுங்கள். பக்கவாதம், இரத்தக் கட்டி, கட்டுக்கடங்காத குருதி அமுக்கம் என்றால் வைத்தியரின் அனுமதி வந்த பிறகே கை வைக்க வேண்டும். மது அருந்தி வந்தவரையும் திருப்பி அனுப்புங்கள்.

தலையிடிக்காக வருபவர்களிடம் இன்னும் கூர்மையாக இருங்கள். வாழ்நாளில் வராத அளவு வலி திடீரென்று வந்தது என்றாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்திருந்தாலோ, வாய் ஒருபக்கம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ, அது உங்கள் கதிரையில் அமர வேண்டிய நேரமே இல்லை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டி வையுங்கள்.

நோயுள்ளவரைத் திருப்பி அனுப்பினால் வருமானம் போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், காரணத்தைப் பொறுமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் பெரும்பாலும் குணமான பிறகு குடும்பத்தோடு வருகிறார்கள்.

ஐந்தாம் படி: இடமும் எண்ணெயும்

முதுகுச் சாய்வு தாழ்ந்த, கைப்பிடி இல்லாத கதிரை ஒன்று, சுத்தமான துவாய்கள், நகை வைக்க ஒரு சிறு கிண்ணம், குடிக்கத் தண்ணீர். இவ்வளவு போதும். மின்விசிறி நேரே தலையில் வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் கட்டாயமில்லை. மதிய இடைவேளையில் வந்து மீண்டும் அலுவலகம் போகிறவருக்கும், காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கப் போகிறவருக்கும் எண்ணெயின்றிச் செய்வதே நல்லது. எண்ணெய் வைப்பதென்றால், கொழும்பின் புழுக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் இதமாக இருக்கிறது. நல்லெண்ணெய் கனமானது, வரண்ட தலைக்கு ஏற்றது. வட இந்தியாவில் விரும்பும் கடுகெண்ணெய் சிலருக்குத் தோலை எரிக்கும் என்பதால் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். புதிய எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு, கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்தால் போதும்.

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். முன்பக்கமாக மெல்ல நகர்த்திக்கொள்ள அனுமதி கேளுங்கள். திருநீறு, பொட்டு அழியலாமா என்று முன்கூட்டியே கேட்பது மரியாதை. முக்காடு அணியும் பெண்களுக்குப் பெண்ணே செய்யக்கூடிய, கதவு மூடிய அறை வேண்டும். துடக்கு வீட்டார் எண்ணெய் வேண்டாம் என்று பதிவைத் தள்ளிப்போட்டால் காரணம் துருவாதீர்கள்.

ஆறாம் படி: கைவேலை வரிசை

தொடங்கும்போது இரு கைகளையும் தோள்களில் வைத்து அசையாமல் நில்லுங்கள். அவருடைய மூச்சின் வேகம் உங்கள் கைக்குத் தெரியும்வரை பொறுங்கள். பிறகு முதுகெலும்பின் இருபுறமும், எலும்பின்மேல் படாமல், பெருவிரல்களால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டு போங்கள். தோள்பட்டை எலும்பின் ஓரத்தை உள்ளங்கையின் அடியால் தேயுங்கள். தோள் தசையைப் பிடித்து, உயர்த்தி, விடுங்கள். கிள்ளும் உணர்வு வரக்கூடாது. மேற்கைகளைத் தோளிலிருந்து முழங்கை வரை நீவி இறக்குங்கள். இதற்குப் பத்து நிமிடம் எடுங்கள். தொடக்கநிலையாளர்கள் தோளை அவசரமாக முடித்துவிட்டுத் தலைக்குத் தாவுகிறார்கள். தோள் இளகாமல் தலை இளகாது.

கழுத்துக்கு வரும்போது ஒரு கை நெற்றியைத் தாங்க வேண்டும். மற்றக் கையால் பின்கழுத்தின் சதையை மட்டும் மெல்லப் பிசைந்து மேலே போய், மண்டையோட்டின் அடிவிளிம்பில் விரல்நுனிகளால் சிறு வட்டங்கள் இடுங்கள். பலருக்கு இங்கேதான் நீண்ட மூச்சொன்று வெளிப்படும். அந்த இடத்தில் சற்றுத் தங்குங்கள்.

தலையில் இரு கைகளின் விரல்களையும் விரித்து வைத்து, மயிரின்மேல் வழுக்காமல், தோலையே எலும்பின்மேல் நகர்த்துங்கள். காதோரம் தொடங்கி உச்சிவரை. அடுத்து மயிர்க்கற்றைகளை வேரருகே பிடித்து மெல்ல இழுத்து விடுங்கள்; முடி உதிரும் நிலையில் உள்ளவருக்கு இதைத் தவிருங்கள். விரல்நுனிகளால் மழைத்தூறல் விழுவதுபோல் உச்சியெங்கும் தட்டுங்கள். நெற்றிப்பொட்டில் மிக மெதுவான வட்டங்கள், புருவத்தின் மேல் வெளிநோக்கி நீவல், தாடை மூட்டில் சிறிது, கடைசியாகக் காதுமடல்கள். முடிவில் உச்சியிலிருந்து தோள் வரை நீவி இறக்கி, கையை மெதுவாக எடுங்கள்.

இடையில் ஒரு தடவையாவது அழுத்தம் போதுமா, கூடவா என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். நோவைப் பொறுத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கும் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏழாம் படி: முடிந்த பிறகு

உடனே எழுப்பாதீர்கள். குருதி அமுக்கம் இறங்கித் தலை சுற்றலாம், முக்கியமாக முதியவர்களுக்கு. தண்ணீர் கொடுத்து, சில நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். எண்ணெய் படிந்த துவாய்களைச் சுடுநீரில் சவர்க்காரத்தூளோடு கழுவி வெயிலில் காயவிடுங்கள். எண்ணெய் போகாத துவாயைச் சூடான உலர்த்தியில் போடுவது தீப்பிடிக்கும் ஆபத்து. வாடிக்கையாளரின் அட்டையைப் பூட்டி வையுங்கள். அவருடைய நோய் விபரம் கடையில் பேச்சுப் பொருளாகக் கூடாது.

எட்டாம் படி: தொழிலாகத் தொடங்குதல்

சொந்தப் பெயரில் அல்லாமல் ஒரு கடைப்பெயரில் தொடங்கினால் வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மாநகர எல்லைக்குள் இடம் எடுத்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன், அனுமதி பற்றிக் கொழும்பு மாநகர சபையிடமும் கேளுங்கள். ஆயுர்வேத வைத்தியர் என்ற பெயரை 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்களுக்கே விட்டுவிடுங்கள். முடி வளரும், ஒற்றைத் தலைவலி குணமாகும் என்று விளம்பரத்தில் எழுத வேண்டாம். தசை இளகும், மனம் ஆறும் என்பதையே நேர்மையாகச் சொல்லலாம். அதற்கே ஆட்கள் வருவார்கள்.

மசாஜ் என்ற சொல்லைக் கண்டதும் தவறான எண்ணத்தோடு அழைப்பவர்கள் இந்த நகரில் உண்டு. அதனால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே, உடையோடு, கதிரையில் அமர்த்தி, தலை, கழுத்து, தோள் மட்டும் என்று எழுதுங்கள். பெண்கள் முன்பின் அறியாதவரின் வீட்டுக்குத் தனியே போக வேண்டாம். தெரிந்தவர் சொல்லி வரும் அழைப்புகளை மட்டும் ஏற்று, முகவரியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கட்டணத்தை முடிவு செய்யும்போது கைவேலை நேரத்தோடு கேள்வி கேட்கும் நேரம், துவாய் கழுவும் செலவு, எண்ணெய் ஆகியவற்றையும் கணக்கில் எடுங்கள். வீட்டுக்குச் சென்று செய்வதென்றால் ஓட்டோக் கட்டணத்தைத் தனியாக எழுதி, பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.