பழைய கிமோனோவை கவுனாகத் தைக்கப் போகிறீர்களா?

ஜப்பானின் கியோட்டோ நகரில் தோஜி கோயில் சந்தை மாதம்தோறும் 21ஆம் தேதி கூடும். பழைய பட்டு கிமோனோக்கள் அங்கே குவியலாகக் கிடக்கும். வாங்கும் முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்திலும் அக்குளிலும் இழை விலகியிருந்தால், பூவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். அந்தப் பட்டு தையல் தாங்காது.

கிமோனோ முழுக்க நேர்வெட்டு, பெரும்பாலும் கைத்தையல். அதனால் கத்திரியை எடுக்காமல் தையலைப் பிரியுங்கள். சுமார் 36 செ.மீ. அகலத்தில் நீளநீளப் பட்டைகள் முழுசாகக் கிடைக்கும். இந்த அகலத்துக்குப் பல பேனல் (நீளத் துண்டு) வைத்த, கீழே போகப் போக விரியும் ஏ-லைன் கவுன்தான் சரிப்படும். குடை பாவாடைக்கு ஆசைப்பட வேண்டாம்.

சிவப்பு லைனிங் இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், சாயம் போகும். 'சிரிமென்' என்கிற சொரசொரப்பான பட்டு தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே சுருங்கும் (அதை வாஷிங் மெஷினில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்!). ஓரத்துண்டு ஒன்றை அளந்து, நனைத்து, காயவைத்து, மறுபடி அளந்த பிறகே மீதியைத் தொடுங்கள். தோளிலும் பக்கத் தையலிலும் அடியில் மெல்லிய காட்டன் துணி கொடுத்துத் தைத்தால் பட்டு கிழியாது. மெஷினுக்கு 9ஆம் நம்பர் ஊசி போதும்.