கைக்குழந்தையின் இதயச் செயலிழப்பு: வீட்டில் கவனிக்க வேண்டியவை

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வெக்கைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் வியர்ப்பதால், இதயச் செயலிழப்பின் (உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் இதயம் திணறும் நிலையின்) முதல் அடையாளம் பல வீடுகளில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மார்கழி விடியற்காலையிலும் பால் குடிக்கும்போது நெற்றியும் தலையும் நனைந்து, நாலு வாய் குடித்ததுமே மூச்சு வாங்கி மார்பை விட்டுவிட்டு, சற்று நேரத்தில் பசியால் மீண்டும் அழுகிற குழந்தைக்கு எடையும் ஏறவில்லை என்றால், தாமதிக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய துளை உள்ள குழந்தை பிறந்தபோது நலமாகவே தெரியும். நுரையீரல் இரத்தக்குழாய்களின் அழுத்தம் குறையத் தொடங்கி, துளை வழியே நுரையீரலுக்கு அதிக இரத்தம் பாய்ந்த பிறகு, பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள், இப்படித் திணறும்.

மூச்சை எண்ணுவதற்குத் தாயே போதும். குழந்தை அயர்ந்து தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது. ஆகவே கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ, மீண்டும் ஒருமுறை எண்ணி உறுதிசெய்துகொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, கடலுக்குப் போன தகப்பன் கரை திரும்பட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். தங்கச்சிமடத்திலும் இராமேஸ்வரத்திலும் இருப்பவர்கள் பாம்பன் பாலத்தைக் கடந்து மாவட்டத் தலைநகரம் சேர வேண்டியிருப்பதால், இரவில் தயங்கும் நேரம் குழந்தைக்குப் பெரும் இழப்பு.

மருந்து தொடங்கிய பின் கவனம் இன்னும் கூட வேண்டும். உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசெமைடு, இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் டிகாக்சின் போன்றவற்றை மில்லி அளவு குறித்த, ஊசியில்லாத சிரிஞ்சால் மட்டுமே கொடுங்கள்; தேக்கரண்டியும் பாலாடையும் அளவுக்கு உதவா. டிகாக்சினில் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆதலால் குழந்தை வாந்தி எடுத்தாலும் அந்த வேளைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது, வாந்தி தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால், ஃப்யூரோசெமைடைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். சப்பிக் களைத்துப்போகும் குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். தாகம் என்று எண்ணிப் பெரியவர்கள் தரும் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட வளர்ந்த பிள்ளைக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகாது.

துளையை மூடும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கும் என்பதால், மருத்துவர் நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டு அட்டையில் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.