சிற்றூர்களில் இலக்கியக் கூட்டம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் நடந்த கவிதைத் தொகுப்பு வெளியீட்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். அழைப்பிதழில் பதினான்கு பெயர்கள் இருந்தன. மாலை ஐந்தரை மணி என்று அச்சிட்டிருந்த விழா ஆறரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்களின் உரைகள், வாழ்த்துரைகள் என்று ஒவ்வொன்றாக நடந்து, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து, நூலைப் பற்றிப் பேசுவதற்கென்றே அழைக்கப்பட்டிருந்த ஒரே ஒருவரிடம் ஒலிவாங்கி வந்து சேர்ந்தபோது மணி எட்டே முக்கால் ஆகியிருந்தது. அவர் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார். நூலாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தபோது, மண்டபத்துப் பணியாளர் பின்வரிசை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு கவிதைகூட யாராலும் வாசிக்கப்படவில்லை.

இதைப் போன்ற விழாவைத் தமிழகத்தின் எந்த ஊரிலும் எந்த வார இறுதியிலும் காணலாம் என்பதால் ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. நானும் நண்பர்களுடன் சேர்ந்து பல ஆண்டுகளாக மாதக் கூட்டம் நடத்தி வருகிறேன். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்திருக்கிறோம். அவற்றுக்கெல்லாம் மூலமாக எனக்குத் தெரிவது ஒன்றுதான்: மேடை அவையை விழுங்கிவிடுகிறது. நூலுக்காகக் கூடியவர்கள், நூலை ஓரமாக வைத்துவிட்டு ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு கலைகிறார்கள்.

அழைப்பிதழில் பெயர்கள் பெருகுவதற்கு ஆசை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மண்டப வாடகையை ஒரு மருத்துவர் தந்திருப்பார். அழைப்பிதழை ஓர் அச்சக உரிமையாளர் இலவசமாக அடித்துக் கொடுத்திருப்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை விட்டுவிட்டால் அவருடைய மாணவர்கள் வரமாட்டார்கள். இவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நன்றியை ஏழு நிமிட வாழ்த்துரையாகத் திருப்பித் தருவதுதான் பிழை. நன்கொடை தந்தவரை முன்வரிசையில் அமரவைத்து, தொகுத்து வழங்குபவர் அவர் செய்த உதவியை இரண்டு வாக்கியங்களில் அவைக்குச் சொல்லி, நூலின் முதல் பிரதியை அவர் கையில் கொடுத்தால் போதும். பெரும்பாலானோர் அதையே விரும்புகிறார்கள் என்பதையும், பேசச் சொன்னதால்தான் பேசினார்கள் என்பதையும் நாங்கள் மிகவும் தாமதமாகக் கண்டுகொண்டோம்.

அடுத்த தவறு, நூலைப் படிக்காதவரை நூலைப் பற்றிப் பேச அழைப்பது. அப்படிப் பேசுபவரை அவையில் இருக்கும் வாசகர் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். பேச்சு அட்டைப்படத்தில் தொடங்கி, பின்னட்டைக் குறிப்பைத் தொட்டு, அணிந்துரையில் ஒரு வரியை மேற்கோள் காட்டி, ஆசிரியருடன் தமக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதில் போய் நிற்கும். குற்றம் பேச்சாளருடையது மட்டுமில்லை; விழாவுக்கு முந்தைய நாள் இரவில் நூலைக் கையில் கொடுத்தால் அவர் வேறென்ன செய்வார்? குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன் பிரதியைச் சேர்ப்பித்து, எத்தனை நிமிடம், எந்தக் கதைகள் அல்லது எந்தக் கூறு என்பதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மூன்று பேர் பேசுவதாக இருந்தால், கதைகளைப் பிரித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் மூவரும் தலைப்புக் கதையையே சொல்லி முடிப்பார்கள்.

நேரம் தவறுவதைப் பற்றிப் பேசினால் பலர் சிரிப்பார்கள், “தமிழர் கூட்டம் என்றால் அப்படித்தான்” என்பார்கள். சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதற்குப் பெயர் பெற்றது. எனவே இது நம்முடைய பிறவிக் குணம் என்ற சாக்கு செல்லாது. சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பது, நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் இருபது பேரையும் தண்டிப்பதாகும். அடுத்த மாதம் அவர்களும் அரை மணி நேரம் கழித்தே கிளம்புவார்கள். நாங்கள் ஒரு சிறிய வழியைக் கைக்கொண்டிருக்கிறோம்: அறிவித்த நேரத்தில் எத்தனை பேர் இருந்தாலும், யாராவது ஒருவர் அன்றைய நூலிலிருந்து மூன்று நான்கு பக்கங்களை உரக்க வாசிக்கத் தொடங்கிவிடுவார். தாமதமாக வருபவர் வரவேற்புரையை இழந்தால் வருந்த மாட்டார். கதையின் தொடக்கத்தை இழந்தால் அடுத்த முறை முன்னதாகவே வருவார்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரிய மண்டபம் என்றால் பெரிய மதிப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். முந்நூறு நாற்காலிகள் போட்ட கூடத்தில் முப்பது பேர் சிதறி உட்கார்ந்திருந்தால், பேசுபவருக்கும் சோர்வு, கேட்பவருக்கும் சோர்வு. ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டிக் கம்பனைப் பாடிப் பாடிச் சுவைத்த இடம், வட்டத்தொட்டி என்ற பெயரோடு தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டது; அங்கே மேடை இல்லை. எழுத்தாளர் ஞாநி 2009ஆம் ஆண்டு சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் தம் வீட்டுக் கிணற்றடியில் ‘கேணி’ சந்திப்பைத் தொடங்கினார். மாதம் ஒரு விருந்தினர், அவருடைய பேச்சு, பிறகு வந்தவர்களின் கேள்விகள் என்பதே அதன் அமைப்பு. சிற்றூர்க்காரர்களுக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் என்று ஒன்று பெயரளவிலாவது இருக்கிறது. நூலகரிடம் முன்கூட்டியே கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஓர் அறை கிடைக்கக்கூடும். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டாலே பாதிப் பேர் பேசத் தொடங்கிவிடுவார்கள். திறந்தவெளியில் கலை இரவு போன்ற பெரிய நிகழ்ச்சி நடத்துவோர் மட்டும் வேறொன்றை மறக்கக் கூடாது: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்க முடியாது, இரவு 10 மணிக்கு மேல் பொதுவாக அதை இயக்கவும் முடியாது.

அவை பேசத் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருமுறை ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டோம். மழை இரவில் மின்சாரம் போன கிராமத்துக்கு வரும் மின்வாரிய ஊழியர் ஒருவர், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி ஃப்யூஸ் போடும்போது தன் மகளை நினைத்துக்கொள்வதாகக் கதை. படிமம், தொன்மம் என்று இரண்டு பேர் நன்றாகவே பேசினார்கள். பின்னால் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், அதுவரை மூன்று கூட்டங்களுக்கு வந்தும் வாய் திறக்காதவர், எழுந்து நின்றார். “ஏபி சுவிட்சை இறக்காம எந்த லைன்மேனும் அதுல கை வைக்க மாட்டான் சார். அந்தக் கம்பியை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு உயிரே வரும். அது கதையில இல்ல” என்றார். டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைத்தான் அவர் சொன்னார். அறை ஒரு கணம் அசையவில்லை. கதாசிரியர் தம் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். அந்தக் கதை தொகுப்பாக வந்தபோது அந்தச் சத்தமும் அதில் இருந்தது. கதையின் கடைசிப் பத்தியே அதுதான் என்றாகியிருந்தது. பதினான்கு பேர் பேசும் விழாவில் அந்த லைன்மேனுக்கு ஒலிவாங்கி எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்?

அதற்காக, பேசு என்று அவையை அவிழ்த்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் கேள்வியே கேட்காமல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்குபவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். “அய்யா, கேள்வியை மட்டும் சொல்லுங்கள்” என்று பணிவோடு இடைமறிக்கும் துணிவு ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர் ஒருங்கிணைக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

விமர்சனத்தில் இரண்டு எல்லைகளில் தவறு நிகழ்கிறது. நூலாசிரியர் உள்ளூர்க்காரர் என்பதால் பாராட்டு மட்டுமே பொழிவது ஒன்று. அப்படிப் பாராட்டியே ஓர் இளைஞரின் இரண்டாவது தொகுப்பை முதல் தொகுப்பைவிட மோசமாக்கியதில் எங்கள் வட்டத்துக்கும் பங்கு உண்டு. நூலை விட்டுவிட்டு ஆளைப் பிளப்பது மற்றொன்று. அதற்குப் பிறகு அந்த எழுத்தாளர் மட்டுமல்லாமல், எழுதலாமா என்று யோசித்துக்கொண்டு வந்திருந்த நான்கு பேரும் வராமல் போவார்கள். 1970இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பின் நடைமுறையில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது. அந்த மாதம் இதழ்களில் வெளியான கதைகளைப் படித்து, அவற்றுள் ஒன்றைச் சிறந்ததாக ஒருவர் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தவர், ஏன் இது, ஏன் அது இல்லை என்று காரணம் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பிடும்போது வெறும் புகழ்ச்சிக்கும் வெறும் வசைக்கும் இடம் குறைந்துவிடுகிறது. சிறு வட்டங்கள் இன்றும் மூன்று நான்கு இதழ்களை வைத்துக்கொண்டு இதைச் செலவில்லாமல் செய்யலாம்.

“நம் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை” என்று குறைப்படுபவர்கள், கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடைசி நகரப் பேருந்து ஒன்பது மணிக்கு என்றால், ஒன்பதரைக்கு முடியும் கூட்டத்துக்கு இருசக்கர வாகனம் வைத்திருக்கும் ஆண்கள் மட்டுமே வருவார்கள். எங்கள் கூட்டத்தை மாலை ஆறரையிலிருந்து மூன்றரைக்கு மாற்றிய மாதமே ஐந்து பெண்கள் வந்தார்கள். இருவர் தங்கள் குழந்தைகளையும் அழைத்து வந்தார்கள். அழைப்பிதழில் எல்லா உரைகளும் ஆண்களுக்கு, குத்துவிளக்கு ஏற்றுவதும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதும் பெண்களுக்கு என்ற பங்கீட்டையும் கைவிட வேண்டும். கழிவறை உள்ள இடமா என்பதைப் பார்க்காமல் இடத்தை உறுதிசெய்வது இதே தவறின் மற்றொரு முகம்.

வெளியூரிலிருந்து வரும் எழுத்தாளரை நடத்தும் விதத்தில் நம் ஊர்கள் பல வெட்கப்பட வேண்டும். அறுநூறு ரூபாய்க்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்கிவிட்டு, அவருடைய பேருந்துக் கட்டணத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். அவர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார் என்பது நமக்கு வசதியாகப் போய்விடுகிறது. போகவரச் செலவை உறையில் வைத்து, கூட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது முறை. முடிந்த அளவு அன்பளிப்பும் சேர்க்கலாம். அவருடைய நூல்களை வரவழைத்து ஒரு மேசையில் சில்லறையோடு ஓர் ஆளை உட்கார வைத்தால், சால்வையைவிட அவருக்கு அது மகிழ்ச்சி தரும். பங்கேற்கும் இளம் எழுத்தாளர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் பேருந்து ஏறும் நேரத்தில் இருநூறு பக்கக் கையெழுத்துப் படியைக் கையில் திணித்து அணிந்துரை கேட்பது, அந்தப் படி படிக்கப்படாமல் போவதற்கான உறுதியான வழி. அவருடைய ஒரு நூலைப் படித்துவிட்டு வந்து அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவரின் கதையை அவர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்முடைய உரை முடிந்ததும் கைகூப்பிவிட்டுக் கிளம்பும் பழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். பேசியவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால், கடைசியில் பேசும் நூலாசிரியருக்கு மிஞ்சுவது அவருடைய குடும்பத்தினரும் மைக் செட்காரரும்தான்.

ஒரே ஊரில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு கூட்டங்கள் மோதிக்கொள்வது பலருக்கும் பழகிய காட்சி. 1961இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றத்துக்கும், 1975இல் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்கும் பல ஊர்களில் கிளைகள் உண்டு. அவற்றோடு தமிழ்ச் சங்கம், கம்பன் கழகம், திருக்குறள் பேரவை என்று வேறு அமைப்புகளும் இருக்கும். கொள்கை வேறுபாடு இருக்கட்டும். அதை ஒழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் படிக்கிறவர்கள் என்று இருக்கும் அறுபது பேரைத் தேதி குழப்பி இரண்டாகப் பிரிப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆண்டின் தொடக்கத்தில் செயலாளர்கள் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஞாயிறுகளைப் பங்கிட்டுக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

அமைப்பு முழுவதையும் ஒருவர் தோளில் ஏற்றிவைப்பது கடைசியில் வெளியே தெரியும் தவறு. அவர் வங்கி ஊழியராக இருப்பார், மாற்றல் வரும். ஆசிரியராக இருப்பார், மகளின் திருமணம் வரும். கூட்டம் இரண்டு மாதம் தள்ளிப்போகும், பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். மாதந்தோறும் ஒருங்கிணைப்பவரை மாற்றுவதும், வரவு செலவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் படிப்பதும் இதற்குத் தடுப்பு. பெரும்பாலான வட்டங்கள் பிரிந்தது கோட்பாட்டால் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், நானறிந்த இரண்டு வட்டங்கள் உடைந்தது தேநீர்க் கணக்கில்தான். ஒரு சாதாரண நோட்டில் தேதி, நூல், வந்தவர் பெயர், யார் என்ன சொன்னார் என்பதை அரைப் பக்கம் எழுதி வைப்பதும் முக்கியம். எங்கள் நோட்டில் அந்த லைன்மேன் சொன்ன வாக்கியம் அப்படியே இருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறோம்.

இப்போதெல்லாம் பதினைந்து நாற்காலிகளை மட்டும் வட்டமாகப் போட்டுவிட்டு, மற்றவற்றைச் சுவரோரம் அடுக்கி வைக்கிறோம். பதினாறாவதாக வருபவர் தாமே ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, இருவருக்கு நடுவே இடம் கேட்டு உட்காருகிறார்.