வேலை போன பிறகு சேரும் முதல் வேலையின் சம்பளத்தைப் பேசுவது எப்படி

பெங்களூரு பீன்யாவில் ஒரே கம்பெனியில் 14 வருடம் விஎம்சி செட்டராக இருந்தேன்; கம்ப்யூட்டரில் ஓடும் உலோகம் வெட்டும் மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவன். 2020-இல் ஆட்களைக் குறைத்தபோது என் சம்பளம் 34,000. வாடகை பயத்தில் மூன்றாவது வாரமே 22,000-க்கு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்து போன இடத்தில் கடைசி பே ஸ்லிப்பைக் கேட்டு, அதன்மேல் பத்து சதவீதம் போட்டார்கள். பழைய 34,000-ஐத் தொட ஐந்து வருடம் ஆனது. அதற்குள் அல்சூரில் வாடகை எங்கேயோ போய்விட்டது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீண்டகாலம் வேலை பார்த்து நீக்கப்பட்டவர்களைப் பற்றி ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் மூவரும் 1993-இல் எழுதினார்கள். ஐந்தாறு வருடம் கழித்தும் வருமானம் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்ததாம். படித்தபோது என் கணக்கையே யாரோ போட்டதுபோல இருந்தது. பழைய கம்பெனியில் எந்த மெஷின் காலைக் குளிரில் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்துக் கம்பெனியில் விலை கிடையாது.

அதனால் முதலில் அவகாசம் தேடுங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) உங்கள் உரிமை: கடைசி மாத பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். பேசிக்கும் டிஏவும் 18,000 என்றால் 14 வருடத்துக்கு ஏறக்குறைய 1,45,000. அவசரமில்லாமல் தேட நாலு மாதம் கிடைக்கும். ரிலீவிங் லெட்டரையும் பழைய பே ஸ்லிப்புகளையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பிஎஃப்பை முடிந்தவரை எடுக்காமல் புது வேலைக்கு மாற்றுங்கள். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும்.

பயோடேட்டாவில் கம்பெனிப் பெருமை வேண்டாம். மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் ஃபானுக்கா, சீமென்ஸா, டிராயிங் படிப்பீர்களா, எத்தனை மைக்ரானுக்குள் வேலை செய்தீர்கள், இதை எழுதுங்கள். ஒரு கன்ட்ரோல் தெரியாவிட்டால் ராஜாஜி நகர் ஜிடிடிசியில் (அரசு டூல் ரூம் பயிற்சி மையம்) குறுகிய காலப் பயிற்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

"கடைசியா எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டால், பழைய சம்பளத்தைச் சொல்லிவிட்டு, "இந்த வேலைக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறேன் சார்" என்று தொகையையும் சொல்லுங்கள். முதலில் அதை யோசித்து வைத்துக்கொண்டு போகவேண்டும்.

சரி, வேறு வழியில்லை, குறைந்த சம்பளம்தான் என்றால் ஆறு மாதத்தில் திருத்துவதாக ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை எச்ஆர் மாறினால் போயிற்று. பதவிப் பெயரை மட்டும் விடவே விடாதீர்கள். செட்டராக இருந்த நான் ஆபரேட்டர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதை மாற்றவே இரண்டு வருடம் பிடித்தது.